பின்சீட்டுக்கு நூத்தம்பது பவுண்டு

மார்லிஸ்: கூடக் காசு கொடுத்து, கம்மியாச் சுமக்குற வண்டிய வாங்கணும்னு நிக்கிற ஒரே ஆளு இந்த மோன்டானாவுலயே நீதான், ஓரின்!

ஓரின்: கம்மின்னு யாரு சொன்னா? வண்டி விக்கற கிப்பே இப்பத்தானே சொன்னான். இந்தச் சிவப்பு வண்டி ஆறாயிரத்து ஐநூறு பவுண்டு இழுக்குமாம்.

கிப்: ஆமா சார். உங்க கேம்பிங் ட்ரெய்லரு மூவாயிரம்கூட வராது. கண்ண மூடிக்கிட்டு இழுக்கும். பிக்கப்னா சும்மாவா...

மார்லிஸ்: கிப், கேள்வி கேட்டது நான். பதில மட்டும் அங்க பாத்துச் சொல்றே.

கிப்: சாரி மேடம், நான் வந்து...

மார்லிஸ்: வந்ததுலேருந்து பாக்கறேன். இன்ஜினப் பத்தி அவருகிட்ட. பிரேக்கப் பத்தி அவருகிட்ட. எங்கிட்ட என்ன கேட்டே தெரியுமா? கலர் புடிச்சிருக்கான்னு கேட்டே!

ஓரின்: அவன் ஏதோ பழக்கத்துல கேட்டுட்டான், விடேன்.

மார்லிஸ்: ஏன் விடணும்? தானியக் கிடங்குல எடைமேடையில உக்காந்து காலத்தக் கழிச்சவ நான். கோதுமை லாரி வாசல்ல திரும்பும்போதே எவ்வளவு இருக்கும்னு சொல்லிடுவேன். எனக்குப் பாரத்தப் பத்தி இவன் பாடம் எடுக்கறானா?

கிப்: ஐயோ, இல்ல மேடம்.

மார்லிஸ்: இழுக்கறது வேற, சுமக்கறது வேற. அந்த ஆறாயிரத்து ஐநூறு இழுக்கறதுக்கு. சுமக்கறதுக்கு எவ்வளவு? டிரைவர் கதவத் தெறந்து, தூண்ல ஒட்டியிருக்கறதப் படி.

கிப்: ஆயிரத்து நூத்தி இருபது பவுண்டு.

மார்லிஸ்: நான் கேக்கற அந்தச் சாம்பல் கலர் வண்டி?

கிப்: அது... ஆயிரத்து நானூத்தி ஐம்பது.

மார்லிஸ்: கேட்டியா ஓரின்? அதுல பின்தொட்டி நீளம், பாரம் கூட, விலை கம்மி. இதுல என்ன இருக்கு? கூட ரெண்டு கதவு இருக்கு. அந்தக் கதவோட கனமும் நம்ம கணக்குலதான் கழியுது!

ஓரின்: கதவு மட்டுமா? நல்ல பின்சீட்டு இருக்கே. அதுல மடக்குப் பலகைதான்.

மார்லிஸ்: நம்ம ரெண்டு பேருக்கு எதுக்கு பின்சீட்டு?

ஓரின்: டூலி இருக்கானே.

மார்லிஸ்: நாய்க்கு மெத்தை வச்ச சீட்டா! அது ஹீட்டர் பக்கத்துல தரையிலதான் படுக்கும். நீ காசக் கொட்டி சோபா வாங்கிப் போட்டாலும் தரையிலதான் படுக்கும்.

கிப்: நாலு கதவுதான் மேடம் இப்ப எல்லாரும் வாங்கறாங்க. குடும்பமாப் போறவங்களுக்கு வசதி. ஆமா... உங்க பொண்ணு சிக்னி எப்படி இருக்கா? நாங்க ஒரே கிளாஸ். ஜூலை நாலு லீவுக்கு ஊருக்கு வருவாளா?

மார்லிஸ்: இந்த டயர் புதுசா?

கிப்: நான் எதாவது தப்பாக் கேட்டுட்டேனா?

மார்லிஸ்: வண்டியப் பத்திப் பேசு, கிப்.

ஓரின்: எங்க வீட்ல மூணு வருஷமா அந்தப் பேர எடுக்கறதில்லப்பா. அப்புறமாச் சொல்றேன்.

மார்லிஸ்: அப்புறம் என்ன அப்புறம்? நானே சொல்றேன். என்னோட பழைய ட்ரெய்லர இரவல் வாங்கிட்டுப் போனா, கிப். கனமான சாமான் முன்னால இருக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்பினேன். மகாராணி என்ன பண்ணா? இறக்கறதுக்கு ஈஸியா இருக்கும்னு அத்தனையும் வாலுப் பக்கம் அடுக்கினா. கணவாய் இறக்கத்துல வாலு ஆட ஆரம்பிச்சுது. ட்ரெய்லர் ஆடி, வண்டிய ஆட்டி, ரெண்டும் ரோட்டோரம் உருண்டுது!

கிப்: அடக் கடவுளே... அடி பட்டுதா?

ஓரின்: ஒரு கீறல் இல்ல.

மார்லிஸ்: அவ உசுரோட வந்து நின்னா. நான் அப்படியே நடுங்கிப் போய் நிக்கறேன். அவ சொல்றா, “ஒரு டப்பா ட்ரெய்லருக்கு இவ்வளவு கத்தறியேம்மா”ன்னு! ட்ரெய்லருக்கா கத்தினேன் நான்?

ஓரின்: நீயும் சும்மா இருக்கல. இனிமே என் வண்டியில உன் காலு படக்கூடாதுன்னு சொன்னே.

மார்லிஸ்: சொன்னேன்! ஒரு மன்னிப்பு கேட்டிருந்தா தீந்து போச்சு. உன் வாசல்லயே காலு படாதுன்னு போனாளே, அந்தத் திமிரு உன் வம்சத்துத் திமிரு.

கிப்: நான்... காபி எடுத்துட்டு வரட்டுமா?

மார்லிஸ்: காபி வேணாம், கணக்கு வேணும். வெள்ளிக்கிழமை ஏரிக்குக் கிளம்பணும், பழைய வண்டி செத்துப் போச்சு. இன்னிக்கே முடிச்சாகணும். எழுது. ட்ரெய்லரோட மூக்கு கொக்கியில உக்காருதே, அந்தப் பாரமும் வண்டி தலையிலதான். அது முந்நூத்தி ஐம்பது.

கிப்: முந்நூத்தி ஐம்பது.

மார்லிஸ்: அந்த ஆளு இருநூத்தி பதினஞ்சு.

ஓரின்: ரெண்டு பவுண்டு கொறைஞ்சிருக்கேன்.

மார்லிஸ்: பூட்ஸ்ல ஏறிடுச்சு. அப்புறம் நான், நூத்தி அறுபது.

ஓரின்: க்கும்...

மார்லிஸ்: என்ன இருமல்?

ஓரின்: தொண்டையில ஏதோ...

மார்லிஸ்: சரி, நூத்தி எழுபது! எழுதுப்பா, சந்தோஷமா இருக்கட்டும். நாய் எழுபது. ஜெனரேட்டர் நூத்திப் பத்து. ஐஸ்பெட்டி, அதுல இருக்கற பீர், சாப்பாடு எல்லாம் சேத்து எண்பது. எவ்வளவு ஆச்சு?

கிப்: தொள்ளாயிரத்து தொண்ணூத்தி அஞ்சு. பாத்தீங்களா மேடம், சிவப்பு வண்டியே தாங்குது. இன்னும் நூத்தி இருபத்தஞ்சு மிச்சம்!

ஓரின்: இன்னொரு... நூத்தம்பது சேத்துக்க, கிப்.

மார்லிஸ்: எதுக்கு?

ஓரின்: சும்மாதான். ஒரு பேச்சுக்கு.

மார்லிஸ்: பேச்சுக்கு நூத்தம்பது பவுண்டா?

ஓரின்: வெறகு. ராத்திரி நெருப்பு போட வேணாமா?

மார்லிஸ்: வெறகா! ஏரிக்கு எவனாவது வீட்லேருந்து வெறகு ஏத்திட்டுப் போவானா? பூச்சி பரவும்னு ரோடு பூரா போர்டு வச்சிருக்கான். எரிக்கிற எடத்துல வாங்குன்னு போன வருஷம் ஒருத்தன நீயே புடிச்சுக் கத்தினே. அவன் பொண்டாட்டி மூஞ்சிய எங்க வச்சுக்கறதுன்னு தெரியாம நின்னா.

ஓரின்: அப்ப... தண்ணி.

மார்லிஸ்: தண்ணி ட்ரெய்லரோட தொட்டியில.

ஓரின்: குடிக்கற தண்ணி.

மார்லிஸ்: என்ன, ஒட்டகத்தக் கூட்டிட்டு வர்றியா? ஓரின், என்னைப் பாரு. அந்த நூத்தம்பது பவுண்டுக்குக் கையி காலு இருக்கா?

ஓரின்: இருக்கு.

மார்லிஸ்: பேரு?

ஓரின்: அந்தப் பேரச் சொல்லக்கூடாதுன்னு நீதான் சொல்லியிருக்கே.

கிப்: நான் ஆபீஸ் உள்ளே போயி ஒரு...

மார்லிஸ்: அங்கேயே நில்லு! எனக்குச் சாட்சி வேணும். ஓரின் ஹாகன், நீ அவகிட்ட பேசறியா?

ஓரின்: பேசறேன்.

மார்லிஸ்: எப்பலேருந்து?

ஓரின்: அவ போன அடுத்த ஞாயித்துக்கிழமையிலேருந்து.

மார்லிஸ்: ஞாயித்துக்கிழமையா? ஞாயித்துக்கிழமை நீ எங்க... சர்ச்ல நாற்காலி அடுக்கறேன்னு பின்தங்குவியே!

ஓரின்: அடுக்குவேன். கொஞ்சம்.

மார்லிஸ்: கொஞ்சமா?

ஓரின்: பாதிரியாரோட பசங்க மீதிய அடுக்கிடுவாங்க. நான் சர்ச் கீழ்த்தளத்துல இருக்கற போன்ல...

மார்லிஸ்: மூணு வருஷமா உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தவ யாரு? நாற்காலி தூக்கித் தூக்கி மனுஷன் ஓடாத் தேயறாருன்னு அந்தப் பாதிரியார்கிட்ட போய்ச் சண்டை போட்டேனே! அவரு ஒண்ணும் புரியாம முழிச்சாரு. இப்பத்தான் தெரியுது ஏன் முழிச்சாருன்னு!

ஓரின்: முழங்கால் வலி நெசம்தான்.

மார்லிஸ்: நெசத்தப் பத்தி நீ பேசாதே! ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு, என் கையால சாப்பிட்டுக்கிட்டு, எனக்குத் தெரியாம...

ஓரின்: அவ பேர எடுத்தாலே நீ தட்டத் தள்ளிட்டு எந்திரிச்சே. பேசாதேன்னு சொன்னது நீ.

மார்லிஸ்: சொன்னா? நான் சொன்ன எதையாவது இத்தன வருஷத்துல நீ கேட்டிருக்கியா? கூரைய மாத்துன்னேன், கேட்டியா? தாடிய எடுன்னேன், கேட்டியா? இத மட்டும் புடிச்சுக்கிட்டு, வெளியில கேக்கற மாதிரி நடிச்சு, உள்ளுக்குள்ள கேக்காம...

கிப்: மேடம், எல்லாரும் பாக்கறாங்க.

மார்லிஸ்: பாக்கட்டும்! வண்டி பாக்கத்தானே வந்திருக்காங்க, இதையும் பாக்கட்டும். சரி. அவ என்ன சொன்னா? ஏரிக்கு வர்றேன்னா?

ஓரின்: நான்தான் கூப்பிட்டேன். முதல்ல வேணாம்னா. அம்மா வண்டியில நான் எப்படி ஏறுவேன்னா. புது வண்டி வாங்கப் போறோம், இதுல நீ ஏறக்கூடாதுன்னு யாரும் சொல்லலேன்னு சொன்னேன். அழுதுட்டா.

மார்லிஸ்: அழுதாளா?

ஓரின்: அப்புறம் சிரிச்சா. வர்றேன்னா. வெள்ளிக்கிழமை காலையில பஸ்ல வந்து இறங்கறா. எதிர்ல நின்னா உன்னால விரட்ட முடியாதுன்னு நினைச்சேன்.

மார்லிஸ்: அப்ப எனக்குக் கண்ணி வச்சிருக்கீங்க, அப்பனும் மகளும். இத்தனைக்கும் எங்கிட்ட ஒரு வார்த்தைகூட...

ஓரின்: எப்படிச் சொல்லுவா?

மார்லிஸ்: ஒண்ணுமில்ல. வேற என்ன சொன்னா உங்கிட்ட?

ஓரின்: ஸ்போகேன்ல வீடு மாத்திட்டாளாம். மாடி இல்லாத வீடாம்.

மார்லிஸ்: ஏன் மாத்தினாளாம்?

ஓரின்: படி ஏற அலுப்பா இருக்காம்.

மார்லிஸ்: அதுக்கு நீ என்ன சொன்னே?

ஓரின்: என்னத்தச் சொல்றது? நல்லா சாப்பிடுன்னு சொன்னேன்.

மார்லிஸ்: கடவுளே... வேற?

ஓரின்: வேற என்ன? ஏன் வக்கீல் மாதிரி குடையறே?

மார்லிஸ்: கிப், அந்தப் பின்கதவத் தெற. நான் ஏறிப் பாக்கணும்.

கிப்: இதோ மேடம்.

மார்லிஸ்: என்ன இது, படி இவ்வளவு உசரம்? மனுஷங்க ஏறவா, ஆடு தாவவா?

கிப்: கூட ஒரு படி பொருத்தித் தரலாம் மேடம்.

மார்லிஸ்: பொருத்து. இலவசமாப் பொருத்து. சீட்டு சாயுமா?

கிப்: கொஞ்சம்தான் சாயும்.

மார்லிஸ்: பெல்ட்டு எவ்வளவு தூரம் வரும்? இழு... இன்னும் இழு. ம். ஏரி ரோடு கடைசியில வெறும் ஜல்லி. அதுல இதோட பின்பக்கம் தூக்கிப் போடுமா?

கிப்: காலியாப் போனா கொஞ்சம் போடும். ட்ரெய்லர் மாட்டினா அடங்கிடும்.

ஓரின்: இதெல்லாம் எதுக்குக் கேக்கறே? அவ என்ன கண்ணாடிப் பொம்மையா? நீதான் வரக்கூடாதுங்கறியே.

மார்லிஸ்: நான் எப்ப வரக்கூடாதுன்னேன்? நீ மறைச்சேன்னுதானே கத்தறேன்!

ஓரின்: இங்க பாரு மார்லிஸ். கோவம்னா என்மேல வச்சுக்க. நான் வேணா வீட்ல இருந்துக்கறேன். நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. இருநூத்தி பதினஞ்சு பவுண்டு மிச்சம்.

மார்லிஸ்: பெரிய தியாகி! ட்ரெய்லர ரிவர்ஸ் எடுக்கும்போது நான் யாரத் திட்டறது? நீயும் வர்றே.

கிப்: அப்ப... நாலு கதவு வண்டிதானே? நூத்தம்பது இருக்கட்டுமா, எடுத்துடட்டுமா? இருந்தா இருபத்தஞ்சு பவுண்டு அதிகமாப் போகுது மேடம்.

ஓரின்: இருபத்தஞ்சுதானே? பீரக் கொறைச்சுக்கறேன்.

மார்லிஸ்: அது பத்தாது. ஜெனரேட்டரத் தூக்கு.

ஓரின்: ஜெனரேட்டரையா? இருபத்தஞ்சு பவுண்டுக்காக நூத்திப் பத்து பவுண்டு ஜெனரேட்டரயா எடுப்பாங்க? எடைமேடையில உக்காந்தவ போடுற கணக்கா இது?

மார்லிஸ்: கணக்குல நீ போட்டதுதான் தப்பு. நூத்தம்பதுன்னு யாரு சொன்னா உனக்கு?

ஓரின்: அவளத்தான் கேட்டேன். அவ வாயால சொன்னது.

மார்லிஸ்: உங்கிட்ட அப்படித்தான் சொல்லுவா, அப்பா பதறிப்போயி வண்டி எடுத்துட்டு ஸ்போகேனுக்கே வந்து நிப்பாருன்னு பயம். நூத்தி எழுபத்தஞ்சுன்னு எழுது, கிப். அவளுக்கு இது ஏழாவது மாசம், ஓரின். வாராவாரம் எங்கிட்ட பேசறவளோட எடை எனக்குத் தெரியாதா?