மயில்கழுத்துப் புடவையும் மயங்கிய கணினியும்

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் நெசவாளர் சங்கத் தலைவர் ஐயா திருஞானசம்பந்தம் அவர்களே! தறிக்குழியில் கால்பதித்துத் தரணியில் தலைநிமிர்ந்த பெரியோர்களே! பாவு நீட்டிய கையோடு பந்தலுக்கு வந்திருக்கும் தாய்மார்களே! கூரம் கிராமத்திலிருந்து வந்து, உட்கார இடமின்றி ஓரமாய் நிற்கும் உறவுகளே! செயலாளர் குமரனின் பணிவான வணக்கம்.

பட்டுக்கு அழகு எது? பளபளப்பு! பளபளப்புக்கு அழகு எது? நின்ற இடத்தில் நில்லாமை! அந்த நில்லாமைதான் போன மாசியில் நம் சங்கத்தைச் சந்தியில் நிறுத்தியது.

நம் இளவரசி பதினெட்டு நாள் பாடுபட்டு ஒரு மயில்கழுத்துப் புடவை நெய்தார். நீளவாக்கில் ஓடும் பாவு நீலம், குறுக்கே ஓடும் ஊடை பச்சை. இணையக் கடையில் படம் போட்டோம். திருச்சியில் காயத்ரி என்ற மணப்பெண் வாங்கினார். வாங்கிய வேகத்தில் திருப்பி அனுப்பினார். கூடவே ஒரு சீட்டு: "படத்தில் நீலம். வந்தது பச்சை. ஏமாற்றிவிட்டீர்கள்."

இளவரசி அதைப் படித்தார். "நான் ஏமாத்துக்காரியா, குமரண்ணே? இனிமே என் புடவைய நெட்ல போடாதீங்க" என்றார். அன்று அவர் தறி பேசவில்லை. நான் என்ன செய்தேன்? வீராவேசமாக, "இணையக் கடையையே மூடுவோம்" என்று தீர்மானம் எழுதினேன். பின்வரிசையில் சிரிப்பது யார்? சிரியுங்கள், தகும்!

அப்போது வந்தார் ஓரிக்கை ஊரைச் சேர்ந்த ஷாரோன். கணினியில் காட்சிகள் படைக்கும் பொறியாளர். "மூடாதீங்க சார். போனைச் சாய்ச்சா கலர் மாறுற மாதிரி படம் செய்யலாம். ஒரு மாசம் டைம் குடுங்க" என்றார்.

புடவையை விரித்து, விளக்கை நகர்த்தி நகர்த்தி நூற்றுக்கணக்கில் படமெடுத்தார். ஒளி எங்கே விழுந்தால் எப்படித் திரும்பும் என்பதை அந்தப் படங்களிலிருந்து கணினி தானே கற்குமாம். காணாத கோணத்தையும் கணித்து வரையுமாம். வரைந்தது ஐயா, வரைந்தது! இளவரசி எட்டிப் பார்த்தார்.

"இன்னாமா ஷாரோன் இது? பட்டா, பிளாஸ்டிக் பக்கெட்டா? மினுக்கிக்கினு இருக்குது, பச்சை வரவேயில்லியே!"

"எல்லாப் பக்கமும் லைட் அடிச்சேன்கா. எங்க தப்புன்னே தெரியல." ஷாரோன் எடுத்த படங்களை மறுபடி புரட்டினார்.

"துணிய எந்தப் பக்கமா வச்ச?"

"ஒரே பக்கம்தான்."

இளவரசி துணியைக் கால்வட்டம் திருப்பினார். நீலம் பச்சையானது! "பாவு ஓடுற பக்கமா பாத்தா ஒண்ணு, ஊடை ஓடுற பக்கமா பாத்தா ஒண்ணு. விளக்கச் சுத்துனியே, துணியச் சுத்துனியா?"

ஷாரோன் தலையில் கைவைத்துச் சிரித்தே விட்டார். அப்புறம் ஒன்பது நாள், இளவரசி துணியை இம்மி இம்மியாகத் திருப்ப, ஷாரோன் படமெடுத்தார். கணினி அரிச்சுவடியிலிருந்து மறுபடி படித்தது. கைதட்டலைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள், இன்னும் இருக்கிறது!

புதிய படம் திருச்சிக்குப் போனது. மறுநாளே காயத்ரி இளவரசியை அழைத்தார். "அக்கா, சாய்ச்சா பச்சை, நிமிர்த்துனா நீலம்! ரெண்டும் ஒரே புடவையா? தெரியாம எழுதிட்டேன், மன்னிச்சிடுங்க. அதையே திரும்ப அனுப்புவீங்களா?"

இளவரசி அந்தப் புடவையை எடுத்து மடித்தார். பிறகு சொன்னார்: "அனுப்புறேன்மா. கட்டிக்கினு வெயில்ல நின்னு பாரு."

என் தீர்மானத்தை என் கையாலேயே கிழித்தேன். பொய்யைப் பளபளப்பாக்க எத்தனையோ கருவிகள் உண்டு! பளபளப்பை உண்மையாக்க? கருவி மட்டும் போதாது. கண் வேண்டும், கை வேண்டும், "தெரியல" என்று சொல்லும் துணிவும் வேண்டும்! அந்தத் துணிவு ஷாரோனுக்கு இருந்தது. அதனால்தான், இந்த வேலையைப் பற்றி வெளிவந்திருக்கும் அவரது ஆய்வுக் கட்டுரையில் இரண்டு பெயர்கள்: ஷாரோன், பொறியாளர். இளவரசி, நெசவாளர்.

இப்போது தட்டுங்கள், காமாட்சி கோயில் வரை கேட்கட்டும்! செவிகொடுத்த சான்றோர்க்கு நன்றி. சிரித்தவர்களுக்குச் சிறப்பு நன்றி. வணக்கம்!