நீலகிரி இலைப் புகை

அங்க நிக்காதீங்க சார், இப்பிடி செவுத்தோரமா வாங்க. கரி குமிஞ்சிருக்குது பாருங்க, அதான் எடம். பெட்டிஷன் போட்டு ஒரு வருசம் ஆவுது, முனிசிபாலிட்டிக்கு இப்பதான் ஆள் அனுப்ப மனசு வந்துச்சா? சரி, உக்காருங்க.

எல்லாம் நீலகிரி எல சார், தைல மரத்துது. சாயங்காலம் அஞ்சானா போதும், கூட்டி நெருப்பு வெச்சிடுவாரு பக்கத்து வூட்டு மாணிக்கராஜ். கேட்டா கொசுவாம். காத்து நேரா எங்க ஜன்னலுக்குத்தான் வரும். எங்க வூட்டுக்காரரு இருபத்தாறு வருசம் மைன்ஸ்ல கல்லுத் தூள முழுங்கின ஆளு. சும்மா இருந்தாவே இழுக்கும். அந்தப் பொகை வந்தா கட்டில் சட்டத்த புடிச்சிகினு கண்ணு பிதுங்க உக்காந்துடுவாரு. கதவு சந்துல ஈரத்துணி சொருகுவேன். எந்த மூலைக்கு?

மாணிக்கராஜ் யாரு தெரியுமா? அதே மைன்ஸ்ல, அண்டர்கிரவுண்ட்ல வெடி வெச்சிகினு இருந்தவரு. வெடிச்சப்புறம் பொகை அடங்குறவரைக்கும் ஒருத்தன உள்ள உடமாட்டாரு. ஒருவாட்டி அவசரப்பட்டு நொழஞ்ச எங்க வூட்டுக்காரர சட்டைய புடிச்சி இழுத்து, சாவப் போறியாடான்னு அறைஞ்சவரு சார்! பூமிக்கு அடியில தெரிஞ்சது மேல வந்தா மறந்துடுமா? போயி கெஞ்சினேன். அண்ணே, கொஞ்சம் தள்ளி கொளுத்துங்கண்ணேன்னேன். உன் புருசன் துரை நெஞ்சு எப்பவோ போச்சும்மா, அத என் பொகை இன்னா பண்ணப் போவுதுன்னாரு. சிரிச்சிகினே சொன்னாரு.

அந்த வூட்ல மனுசப் பொறவின்னா அவரு பொண்ணு ஐடா ஒருத்திதான். இவரு மூச்சுக்குத் தவிக்கிறத பாத்துட்டு, ஒரு கொடம் தண்ணிய நெருப்புல கவுத்தா. செவுரு ஏறிக் குதிச்சி வந்து முதுக தடவிகினு நின்னா. அதுக்கு அவ அப்பன் இந்த லைன் வூட்டு சனமே பாக்க அறைஞ்சாரு.

எழுதிக்கலியா சார் நீங்க?

இன்னாது? முனிசிபாலிட்டி இல்லியா? பங்காரப்பேட்டையிலேர்ந்தா வர்றீங்க?

ஓ. தம்பி பையனுக்கு ஐடாவ பாக்க வர்ற ஞாயித்துக்கெழம வர்றீங்க. அதுக்கு முன்னாடி அக்கம்பக்கத்துல ஒரு வார்த்த விசாரிக்கலாம்னு. இத மொதல்லியே சொல்லக் கூடாதா?

இந்தாங்க, தண்ணி குடிங்க.

நல்ல பொண்ணுன்னு சொன்னனா? சொன்னேன், இல்லேங்கல. இரக்கத்துலதான் செவுரு ஏறினான்னு நானா நெனச்சிகினேன். பெத்தவரு வேற இன்னாவோ நெனச்சிருக்காரு போல. இல்லன்னா கல்யாண வயசுப் பொண்ண நாலு பேரு பாக்க அறைவாரா? செவுரு ஏறுறது அதான் மொத வாட்டியா, முன்னாடியே பழக்கமான்னு கேக்கறீங்க. எனக்கு இன்னா சார் தெரியும்? பக்கத்துல இருந்துகினு ஒரு பொண்ணப் பத்தி வாயத் தொறந்தா பாவம். நான் ஒண்ணும் சொல்லல. பெரியவங்க நீங்க, உங்களுக்கே புரியும்.

எழுந்துட்டீங்களா? அவங்க வாசல் அந்தப் பக்கம் சார். இல்லியா, நேரா ஸ்டேஷனுக்கா? அதுவும் சரிதான். அஞ்சேகால் வண்டி கெடைக்கும்.

எங்க வூட்டுக்காரர்கிட்டயும் சொல்லிகினு போவணுமா? உள்ள யாரும் இல்ல சார். அவரு போயி சேந்து பதினோரு மாசம் ஆவுது. ஐடா வந்து முதுக தடவிகினு நின்னான்னேனே, அன்னிக்கிதான்.