நான்கு சதவிகிதம் அறுத்த பாவு

நான்கு மணிக்குத் தொடங்க வேண்டிய பேரவைக் கூட்டத்தை ஐந்தே முக்காலுக்கு மங்கலமாகத் தொடங்கிவைத்து, கடிகாரத்துக்கெல்லாம் கட்டுப்பட்டவர்கள் நாங்கள் இல்லை என்று காட்டியிருக்கும் நம் பட்டு நெசவாளர் சங்கத்தின் தலைவர், பெருமதிப்பிற்குரிய அண்ணன் வேணுகோபால் அவர்களே, மேடையை அலங்கரிப்பதோடு மின்விசிறிக்கு நேர் கீழே இடமும் பிடித்துவிட்ட இயக்குநர் பெருமக்களே, சென்னையிலிருந்து வந்து இரண்டே நாளில் எங்கள் மண்டைக்குள் இருப்பதையெல்லாம் அளந்து மதிப்பெண் போட்டுத் தந்த மனவளப் பயிற்சியாளர் தம்பி ஹேமநாத் அவர்களே, நான் சுருக்கமாகப் பேசுவேன் என்று நம்பி முன்வரிசையில் அமர்ந்துவிட்ட பெரியோர்களே, களம்பூர் பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே, மூன்றாவது வரிசையில் இருந்து, இந்த மனுஷன் என்ன உளறப் போகிறாரோ என்று என்னையே முறைத்துக்கொண்டிருக்கும் என் இல்லத்தரசி கன்னியம்மாள் அவர்களே, உங்கள் அனைவருக்கும் இயக்குநர் பொன்னுசாமியின் பணிவான வணக்கம்.

என் கையில் ஒரு காகிதம் கொடுத்திருக்கிறார்கள். தீர்மானம் எண் ஏழு. சங்கத்தின் தறியில் நீளவாக்கில் ஏற்றியிருந்த நெசவு நூலை, அதாவது பாவை, வேண்டுமென்றே கத்தரித்த குற்றத்துக்காக உறுப்பினர் பன்னீர்செல்வத்தை நீக்குவது. நீக்கினால் தறிக்கூடத்தில் அவருக்குத் தறி கிடையாது, பட்டு நூல் கிடையாது. ஐம்பத்தொரு வயதில் அவர் வேறு என்ன தொழிலுக்குப் போவார் என்று தீர்மானத்தில் எழுதவில்லை. இதை நான் முன்மொழிய வேண்டுமாம். முன்மொழிகிறேனா இல்லையா என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால், அந்தக் கத்தரிக்கோல் அவர் கைக்கு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். சொல்லலாமா, தலைவரே? தலையசைத்துவிட்டார். பின்னால் வருத்தப்படுவார்.

தாய்மார்களே, ஆறு வாரத்துக்கு முன்பு ஒரு பொன்னான திட்டத்தை இந்தச் சங்கத்துக்குக் கொண்டுவந்தவன் யார்? அடியேன். பெங்களூரில் கம்பெனிகளில் எல்லாம் ஆட்களின் குணத்தை அளக்கிறார்களே, ஆரணியில் ஏன் அளக்கக் கூடாது என்று கேட்டவன் யார்? அடியேன். கல்யாண மண்டபம் பிடித்து, பேனர் அடித்து, அந்தப் பேனரில் தம்பி ஹேமநாத்தின் படத்தைவிட என் படத்தைப் பெரிதாகப் போட்டவன் யார்? அதையும் நான்தான் சொல்ல வேண்டுமா?

நாற்பது கேள்விகள். விருந்துக்குப் போனால் அறிமுகமில்லாதவர்களோடு பேசுவீர்களா என்று ஒரு கேள்வி. நம் ஊர் விருந்தில் அறிமுகமில்லாதவன் எங்கே இருக்கிறான்? எல்லாரும் மாமன் மச்சான்தானே? கூட்டம் உங்களைக் களைப்படையச் செய்கிறதா என்று இன்னொரு கேள்வி. ஆடி வெள்ளிக்குப் படவேடு அம்மன் கோயிலுக்குப் போய்த் திரும்பியவரிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் எழுதினோம். அறுபத்து நான்கு பேரும் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினோம். மறுநாள் முடிவு வந்தது.

மனிதருக்கு நான்கு திறன்கள் என்றார் தம்பி. யோசித்து முடிவெடுப்பது ஒன்று. மனதால் உணர்ந்து முடிவெடுப்பது ஒன்று. கண்முன்னே இருப்பதைக் கவனிப்பது ஒன்று. இல்லாததையும் இனி வரப்போவதையும் ஊகிப்பது ஒன்று. எது உங்களிடம் ஓங்கி நிற்கிறதோ அதுவே நீங்கள். அதே வரிசையில் நீலம், சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று ஸ்டிக்கர் கொடுத்தார். சட்டைப் பையில் ஒட்டிக்கொண்டோம், தறியில் ஒட்டினோம். நம் உறுப்பினர் பாலு தன் டிவிஎஸ் வண்டியிலும் ஒட்டிக்கொண்டு வந்தவாசி வரை போய் வந்தார். எனக்கு மஞ்சள். தொலைநோக்காளர், தொண்ணூற்றிரண்டு சதவிகிதம். இந்தச் சங்கத்திலேயே அதிகம். அன்றைக்கு நான் நடந்த நடையைப் பார்த்தவர்கள் இன்னமும் சிரிக்கிறார்கள். அதோ, அங்கே சிரிக்கிறார்கள்.

தம்பி ஹேமநாத் மீது எனக்குக் கோபமில்லை. அவர் கொடுத்த புத்தகத்தில் கடைசிப் பக்கம் ஒன்று இருந்தது. குறைவாகப் பயன்படும் திறன்கள் என்று அதற்குத் தலைப்பு. அதை அவர் நடத்தத் தொடங்கும்போது மணி பன்னிரண்டே முக்கால். பிரியாணி அண்டா வந்து இறங்கிவிட்டது. அவர் வாயைத் திறந்தார், நாம் எழுந்துவிட்டோம். நம்மில் குறைவாக இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ள யாருக்காவது பொறுமை இருந்ததா? எது அதிகம் என்று தெரிந்ததுமே பசி வந்துவிட்டது.

அதற்கடுத்து நடந்ததுதான் ஆரணிக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய அறிவாளித்தனம். நம் தறிக்கூடத்தில் பதினாறு கோர்வைத் தறி. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். ஒருவரால் ஆகாது. ஒருவர் நெய்ய, பக்கத்தில் ஒருவர் கரைக்கு நாடா, அதாவது ஊடை நூல் வைத்த கட்டை, தள்ள வேண்டும். அந்த இருவர் யார்? பெரும்பாலும் புருஷனும் பெண்டாட்டியும். காலையில் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்தாலும், தறியில் உட்கார்ந்துவிட்டால் நாடா போய் நாடா வரும். நாம் என்ன செய்தோம்? ஒரே நிறம் ஒரே நிறத்தோடு உட்கார்ந்தால் ஒற்றுமை ஓங்கும், உற்பத்தி உயரும் என்று ஒரு பட்டியல் போட்டோம். பதினாறு தறியில் பதிமூன்று ஜோடியைப் பிரித்தோம். குடும்பநல நீதிமன்றம் ஒரு வருஷத்தில் செய்யாததை இந்தச் சங்கம் ஒரு திங்கட்கிழமை காலையில் செய்தது. பட்டியலில் கையெழுத்துப் போட்டவர்? தொலைநோக்காளர் பொன்னுசாமி.

உற்பத்தி உயர்ந்ததா? மஞ்சளும் மஞ்சளும் உட்கார்ந்த தறியில் அடுத்த தீபாவளிக்கு என்ன டிசைன் என்று அருமையாகத் திட்டமிட்டார்கள், அரை முழம் நெய்தார்கள். பச்சையும் பச்சையும் உட்கார்ந்த தறியில் நாடாவில் நூல் தீர்ந்துபோனதை இருவருமே உன்னிப்பாகக் கவனித்தார்கள், கவனித்துக்கொண்டே இருந்தார்கள். சிவப்புக்குச் சிவப்பு என்று பன்னீர்செல்வத்தின் வீட்டம்மா தனக்கோடி அம்மாவையும் திலகவதி அம்மாவையும் உட்காரவைத்தோம். திலகவதி அம்மாவின் நாத்தனார் கதையில் இருவரும் இரண்டு நாள் அழுதார்கள். நீலத்துக்கு நீலம் என்று பன்னீர்செல்வத்தோடு தங்கவேலுவைச் சேர்த்தோம். இழைக் கணக்கை ஒருவர் எண்ணினால், அது தப்பு என்று மற்றவர் எண்ணுவார். ஒரே நீலம்தான். ஆனால் பன்னீர்செல்வம் யோசிப்பதோடு கண்ணால் பார்ப்பவர். தங்கவேலு யோசிப்பதோடு ஊகிப்பவர், கையில் இருக்கிற இழையைப் பார்க்க மாட்டார். ஒருவருக்கு எது குறைவோ அதைப் பொறுத்து ஒரே நிறத்துக்காரர்களும் வேறு வேறு ஆட்களாகிவிடுகிறார்கள். இதெல்லாம் அந்தக் கடைசிப் பக்கத்தில் இருந்தது.

பன்னீர்செல்வத்தின் மதிப்பெண் சீட்டு என்னிடம் இருக்கிறது. யோசனை எழுபத்தொன்று. உணர்வு நான்கு. நான்கு சதவிகிதம், தாய்மார்களே. அன்றைக்கே நாங்கள் கேலி செய்தோம், உங்கள் வீட்டுக்காரருக்கு மனசே இல்லையாம் என்று தனக்கோடி அம்மாவிடம் சொல்லிச் சிரித்தோம். பெண்டாட்டிக்கு ஒரு முழம் பூ வாங்கிக் கொடுத்தவர் இல்லை, நாலு நல்ல வார்த்தை சொன்னவர் இல்லை. எல்லாம் உண்மைதான்.

ஒன்பதாவது நாள் காலை பத்து மணி. மூன்று முழம் நெய்தாகிவிட்டது. பன்னீர்செல்வம் நாடாவை வைத்தார். கத்தரிக்கோலை எடுத்தார். பாவை அறுத்தார். பாதி அகலம் போனபிறகுதான் தங்கவேலு கையைப் பிடித்தார். பாவை அறுப்பது என்றால் என்னவென்று இந்தச் சபையில் யாருக்கும் விளக்க வேண்டாம். சொந்த வீட்டுக் கூரையைத் தானே பிரிப்பவனைப் பார்த்தமாதிரி எல்லாரும் ஓடிவந்தோம். ஏனப்பா, ஏனப்பா என்று கேட்டோம். கத்தரிக்கோலைத் தறிப் பலகையில் வைத்தார். பிறகு சொன்னார்.

"இருவத்திரெண்டு வருசமா பக்கத்துல அவ நாடா தள்ளிகினு இருந்தா. திரும்பிப் பாத்தா தங்கவேலு ஒக்காந்துகினு இருக்கான்."

சொல்லிவிட்டு அழுதார். அழத் தெரியாமல் அழுதார். ஆறு வயசுப் பிள்ளை மாதிரி, மூக்கைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் அழுதார். நம்மில் சிலர் அதற்கும் சிரித்தோம்.

இங்கேதான் நான் கேட்கிறேன். நான்கு சதவிகிதம் பாவை அறுத்தபோது, மிச்சம் தொண்ணூற்றாறு சதவிகிதம் எங்கே போயிருந்தது? தேநீர் குடிக்கவா? கடைசிப் பக்கத்தைப் பிறகு நான் தனியாக உட்கார்ந்து படித்தேன். எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன், தவறானால் தம்பி திருத்தட்டும். நாம் எல்லாவற்றையும் வலது கையால் செய்கிறோம். இடது கையால் எழுதச் சொன்னால் எழுத்து கோணும். இடது கை இல்லாமல் போய்விட்டதா? பழக்கவில்லை, அவ்வளவுதான். குறைவாகப் பயன்படும் திறனும் அப்படியே. அது செத்துப்போவதில்லை. வளராமல் உள்ளே கிடக்கிறது. உடம்பு ஓயும்போதும் மனசு ஒடியும்போதும் அதுதான் முதலில் எழுந்து வருகிறது. வரும்போது முரட்டுத்தனமாக வருகிறது, நேரம் காலம் தெரியாமல் வருகிறது. ஓங்கி நிற்கும் திறனைப் பார்த்து ஒருவனை ஊர் தெரிந்துகொள்கிறது. ஒடுங்கிக் கிடக்கும் திறன் எழும்போதுதான் அவன் தன்னையே தெரிந்துகொள்கிறான். பன்னீர்செல்வத்துக்கு அன்றைக்குத்தான் தன்னைப் பற்றித் தெரிந்தது. பாவம், கையில் கத்தரிக்கோல் இருந்தது.

தனக்கோடி அம்மாவைச் சொல்ல வேண்டாமா? சிவப்பு ஸ்டிக்கர். யோசனை ஆறு சதவிகிதம். கணக்கு வராது, அழத்தான் தெரியும் என்று சான்றிதழ் கொடுத்தோமே, அந்த அம்மா. பாதிப் பாவு, இரண்டாயிரத்துச் சொச்சம் இழை. பட்டு வழுக்காமல் இருக்க விரலில் சாம்பல் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு இழையாகப் பிணைத்தார். மூன்று நாள். ஓர் இழை இடம் மாறவில்லை. பிணைத்து முடித்த கையோடு நேராக அலுவலகத்துக்கு வந்து என் மேஜை முன்னால் நின்றார். அழுவார் என்று நினைத்து நாற்காலியைக் காட்டினேன்.

"எந்த விதியிலங்க இந்த ஸ்டிக்கரு எழுதிகீது? பேரவையில வச்சீங்களா? மினிட் புஸ்தகத்த எடுங்கண்ணா, நானும் பாக்கறேன்."

இரக்கமே இல்லாத குரல். அந்த ஆறு சதவிகிதத்துக்கு முன்னால் என் தொண்ணூற்றிரண்டு சதவிகிதம் திருதிருவென்று விழித்தது. மினிட் புத்தகத்தில் ஸ்டிக்கரும் இல்லை, பட்டியலும் இல்லை. இருந்தது என் கையெழுத்து மட்டும்தான்.

தலைவர் அவர்கள் ஒரு துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். ஜல்தி முடிக்கவும் என்று எழுதியிருக்கிறார். முடிக்கிறேன், அண்ணே. இவ்வளவு பேரைச் சொல்லிவிட்டு என்னைச் சொல்லாமல் போனால் தப்பித்துக்கொண்டவன் ஆவேன்.

எனக்கு எது குறைவு? கண்முன்னே இருப்பதைக் கவனிப்பது. மூன்று சதவிகிதம். இரண்டாயிரத்து நாற்பதில் ஆரணிப் பட்டு எங்கே இருக்கும் என்று கேளுங்கள், இரண்டு மணி நேரம் பேசுவேன். நான் கையெழுத்துப் போட்ட பட்டியலில் வேறு வேறு தறிக்குப் பிரிந்துபோன பெயர்கள் புருஷன் பெண்டாட்டி என்று எனக்குத் தெரியவில்லை. அவர்கள் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவன் நான். இன்னும் கேளுங்கள். பட்டியல் வந்த நாளிலிருந்து என் வீட்டம்மா என்னோடு பேசவில்லை. சோறு வந்தது, குழம்பு வந்தது, பேச்சு வரவில்லை. அது எனக்கு எட்டாவது நாள்தான் உறைத்தது. ஏன் பேஜாராக இருக்கிறாய் என்று கேட்டேன். படிச்சுப் பாத்துதானா கையெழுத்துப் போட்டீங்க என்று ஒரே கேள்விதான் கேட்டார். மறுநாள் பன்னீர்செல்வம் பாவை அறுத்தார்.

ஆகவே பெரியோர்களே, பாவை அறுத்தது யார்? கத்தரிக்கோல் பிடித்தவரா, கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டவனா? ராஜினாமா செய்துவிட்டுத் தியாகியாகப் போகிறேன் என்று யாரும் மாலை வாங்க ஓட வேண்டாம். ஓடிப்போவதும் எனக்குக் கைவந்த கலைதான், அதை இன்று செய்யப் போவதில்லை. தம்பி பன்னீர்செல்வம், கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் இருக்கிறாய், தெரிகிறது. உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அன்றைக்கு நீ அழும்போது சிரித்தவர்களில் நானும் ஒருவன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பட்டியல் இந்த நிமிடமே ரத்து. அவரவர் இணையோடு அவரவர் தறி. இனி தீர்மானம் எண் ஏழு. நான் முன்மொழிய மாட்டேன். ஆனால் தலைவர் முறைப்படி கேட்கச் சொல்கிறார், கேட்கிறேன். பன்னீர்செல்வத்தை நீக்க வேண்டும் என்பவர்கள் கையைத் தூக்குங்கள்.

ஒருவரும் இல்லையா? பொறுங்கள், பொறுங்கள். பின்னால் ஒரு கை தெரிகிறது. யாரப்பா அது? தூணுக்குப் பின்னாலா? பன்னீர்செல்வம், உன் கையா அது? என்னய்யா இது, உன்னையே நீக்கவா கை தூக்குகிறாய்? சிரிக்காதீர்கள், அவர் ஏதோ சொல்கிறார். பாலு, அந்த மைக்கைக் கொண்டுபோய்க் கொடு.

"பாவ அறுத்தா நீக்கணும்னு விதி கீதுங்க. நான்தானே அறுத்தேன்."

கேட்டீர்களா? இந்த நேர்மையையா நாம் வெளியே அனுப்பப் பார்த்தோம்? சரி, விதி விதிதான். தலைவர் அவர்களே, எழுதிக்கொள்ளுங்கள், தீர்மானத்துக்கு ஆதரவு ஒன்று.

வேண்டாம், எழுத வேண்டாம். அடித்துவிடுங்கள். தனக்கோடி அம்மா அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார். இறக்கிய கையை இன்னும் விடவில்லை. பன்னீர்செல்வமும் உருவிக்கொள்ளவில்லை. அத்தனை பேரும் திரும்பி முறைத்துப் பார்க்காதீர்கள், அவர்களுக்குக் கூச்சமாக இருக்கும். ஆதரவு யாருமில்லை, தீர்மானம் தோற்றது. தலைவருக்கும், தம்பி ஹேமநாத்துக்கும், பொறுமையோடு கேட்ட உங்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. எல்லாரும் மேடையைப் பாருங்கள், வணக்கம்.