சாமியிடம் கேட்ட இன்சூரன்ஸ்

திண்டுக்கல் மாவட்டம், கொடைக்கானல் வட்டம், மன்னவனூர் கிழக்குத் தெருவில் குடியிருக்கும் கந்தவேல் மனைவி ராஜகுமாரி, வயது 57, தொழில் விவசாயம், இன்று காலை பத்தரை மணிக்கு யாரும் அழைக்காமல் தானாகக் காவல் நிலையம் வந்து, சார்பு ஆய்வாளர் முன்பாகக் கொடுத்த வாக்குமூலம்.

நான் மேற்கண்ட விலாசத்தில் என் கணவருடன் வசித்து வருகிறேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மூன்று ஏக்கரில் பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிறோம். எட்டாவது வரை படித்திருக்கிறேன், தமிழ் எழுதப் படிக்கத் தெரியும். கொடைக்கானலில் டிராவல்ஸ் நடத்தும் சுபஸ்ரீ என்ற பெண்ணை, என் கணவரின் தம்பி இராமலிங்கம் கொடுத்த புகாரின் பேரில் இங்கே பிடித்து வைத்திருப்பதாக நேற்று கேள்விப்பட்டேன். கப்பல் பயணத்துக்கு இன்சூரன்ஸ் எடுப்பதாக எங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு எடுக்காமல் ஏமாற்றினார் என்பது புகார். அது பொய். அந்தப் பொய் என் வாயிலிருந்து கிளம்பியது, அதனால் வந்தேன்.

எனக்குக் கல்யாணமாகி முப்பத்தாறு வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் நான் பார்த்த ஊர்கள் பழனி, திண்டுக்கல், மதுரை. மதுரைக்குப் போனதும் ஆஸ்பத்திரிக்குத்தான். கடல் பார்க்க வேண்டும் என்று கேட்டால் பூண்டு பறிக்க வேண்டும் என்பார், பறித்த பிறகு பூண்டு காய வேண்டும் என்பார், காய்ந்த பிறகு காட்டெருமை இறங்குகிறது, காவலுக்கு ஆள் இல்லை என்பார். போன வருடம் அவருக்கு அறுபது நிறைந்தபோது சொந்தக்காரர்கள் அறுபதாம் கல்யாணம் செய்யச் சொன்னார்கள். தின்றுவிட்டுக் குறை சொல்லிப் போகிறவர்களுக்கு விருந்து எதற்கு, அந்தச் செலவில் என்னைக் கப்பலில் கூட்டிப் போங்கள் என்று பிடிவாதம் பிடித்தேன். அரை மனதாகச் சம்மதித்து பாஸ்போர்ட்டும் எடுத்தார்.

அதன் பிறகு கடந்த வைகாசி மாதத்தில் நாங்கள் இருவரும் சுபஸ்ரீயின் அலுவலகத்துக்குப் போனோம். சென்னையில் ஏறி இலங்கை போய்த் திரும்பும் கப்பல், ஐந்து நாள். டிக்கெட் போட்டு முடித்ததும் அந்தப் பெண் இன்சூரன்ஸ் பற்றிச் சொன்னார். "கட்டாயம் இல்லைம்மா, ஆனா எடுத்துக்கங்க. கப்பல்ல முடியாமப் போய் வேற நாட்டுல எறக்கிட்டாங்கன்னா, நம்ம ஊரு காப்பீட்டு கார்டு எதுவும் அங்க செல்லாது" என்றார். அதன் பிறகு ஃபாரத்தில் இருந்த கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்தார். இருதய வியாதி உண்டா என்று வந்தது. நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் என் கணவர் இரண்டு வருடத்துக்கு முன் மதுரையில் தனக்கு ஸ்டென்ட் வைத்த கதையைத் தேதி முதற்கொண்டு சொல்லிவிட்டார். அப்படியானால் அந்த டாக்டரிடம் பயணம் போகலாம் என்று லெட்டர் வாங்கி வர வேண்டும் என்றார் சுபஸ்ரீ. மறைத்து எழுதினால் என்ன என்று கேட்டது நான்தான். "மறைச்சா க்ளெயிம் வராதும்மா, அதுக்கு எடுக்காமலே இருக்கலாம்" என்று முகத்துக்கு நேரே சொன்னார். எங்களிடம் டிக்கெட் பணம் தவிர வேறு எதுவும் வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு நான்கு நாள் என் கணவர் அதே யோசனையாக இருந்தார். "எடுத்தா கெளம்பும்போதே சாவைப் பத்திப் பேசுன மாதிரி இருக்கு. எடுக்காட்டியும் பயமாக் கெடக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு வேறு பயம் இருந்தது. மதுரை டாக்டர் மேட்டில் வேகமாக நடக்கக்கூடாது என்று சொல்லியிருப்பவர். அவர் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதைச் சாக்காக வைத்து என் கணவர் ஆயுசுக்கும் மன்னவனூரை விட்டு நகரமாட்டார். ஐந்தாம் நாள் காலையில் "சாமிகிட்டப் பூக்கேட்டுருவோம் ராசகுமாரி, அது சொல்றபடி செய்வோம்" என்றார்.

எங்கள் பங்காளிகள் கும்பிடும் கோவிலில் பூக்கேட்கும் வழக்கம் உண்டு. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூவும் இன்னொன்றில் சிவப்புப் பூவும் மடித்து சாமி முன்னால் போடுவார்கள். கேட்கிறவர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. கிணறு வெட்டவும் பெண் கொடுக்கவும் இப்படித்தான் கேட்கிறோம். இன்சூரன்ஸுக்குக் கேட்டது நாங்கள் மட்டுமாகத்தான் இருக்கும். எடுக்காத பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் கிடையாது, அதை ஓடையில் விட்டுவிடுவோம்.

பொட்டலம் மடிக்கும் வேலையைப் பூசாரி ஆண்டிச்சாமி என்னிடம் கொடுத்தார். நான் குளித்து ஈரத்துணியோடு கோவிலுக்குப் பின்னால் உட்கார்ந்து, தெரிந்தே இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு ரோஜாவை வைத்து மடித்தேன். வெள்ளை ரோஜாவை மடியில் கட்டிக்கொண்டேன். அதன் பிறகு என் கணவர் வெகுநேரம் கும்பிட்டு ஒன்றை எடுத்தார், பூசாரி பிரித்து சிவப்பு என்று காட்டினார். "வேணாம்னு உத்தரவு ஆயிருச்சு" என்று என் கணவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர் முகம் அவ்வளவு தெளிந்து நான் பார்த்ததில்லை.

அதன் பிறகு மறுநாள் சுபஸ்ரீயிடம் போய் இன்சூரன்ஸ் வேண்டாம் என்று சொன்னோம். ஏன் என்று கேட்டார், சாமி சொல்லிவிட்டது என்றார் இவர். அப்படியானால் வேண்டாம் என்று ஒரு கையெழுத்துப் போடுங்கள் ஐயா என்று அந்தப் பெண் பேப்பரை நீட்டினார். "சாமியே சொன்ன பெறகு பேப்பர் எதுக்கு தாயி, போற நேரத்துல அபசகுனமா" என்று இவர் எழுந்து வந்துவிட்டார். அந்தப் பெண்ணிடம் அத்தாட்சி இல்லாமல் போனது இப்படித்தான். எங்கள் நம்பிக்கைக்கு மரியாதை கொடுத்து சும்மா விட்டது ஒன்றுதான் அவர் செய்த குற்றம்.

ஆனி மாதம் கப்பல் ஏறினோம். இரண்டரை நாள் கடலைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது, அதையும் உள்ளபடி சொல்லிவிடுகிறேன். மூன்றாம் நாள் மதியம் சாப்பிடும்போது என் கணவரின் கையிலிருந்து ஸ்பூன் விழுந்தது, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. கப்பல் டாக்டர் பார்த்துவிட்டு இனிமேல் கப்பலில் வைத்திருக்க முடியாது என்று சொல்லி, அடுத்த துறைமுகத்தில் ஆம்புலன்ஸில் இறக்கிவிட்டார்கள். அதன் பிறகு பதினொரு நாள் இலங்கையில் ஆஸ்பத்திரியில் இருந்தோம். செலவுக்கு நான் போனில் பணம் கேட்டதற்கு, எங்கள் நிலத்தில் மேல்காட்டைத் தன் பேருக்கு எழுதித் தர எனக்கும் என் கணவருக்கும் சம்மதம்தானா என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் இராமலிங்கம் அனுப்பினார். அண்ணன் மூச்சு வாங்கிக் கிடக்கும்போது காட்டுக்கு விலை பேசத் தெரிந்தவர் அவர்.

நாங்கள் ஊர் திரும்பிய பிறகு இராமலிங்கம் எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, நாலு பேர் கேட்க, "இன்சூரன்ஸ் எடுத்தீங்களா இல்லையா மதினி? இல்லேன்னா எங்கண்ணனை நீங்கதான் கொன்னு கெடத்திருக்கீங்க" என்று கேட்டார். அப்போது நான், "எல்லாத்தையும் அந்தப் பிள்ளைகிட்டதான் கொடுத்தோம், அது என்ன பண்ணுச்சோ" என்று சொன்னேன். இவ்வளவுதான் சொன்னேன். மீதியைக் கட்டி முடித்தது இராமலிங்கம், அவருக்கு அதெல்லாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. புகார் கொடுத்தது எனக்குத் தெரியும். தெரிந்து பன்னிரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். சுபஸ்ரீயின் அலுவலகத்தில் கல் எறிந்ததும், அவருக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம் நின்றுபோனதும் காய்கறி வண்டிக்காரர் சொல்லித் தெரியும்.

என் கணவருக்கு வலது கையும் காலும் வரவில்லை. பேச்சு கொஞ்சம் திரும்பியிருக்கிறது. அவர் அந்தப் பெண்ணைக் குறை சொல்லவில்லை, என்னையும் சொல்லவில்லை. சாமி தன்னை வேண்டுமென்றே தப்பான வழியில் அனுப்பிவிட்டது என்று நினைக்கிறார். தினமும் வெள்ளனே எழுப்பி உட்கார வைத்ததும், "நான் என்ன குத்தம் செஞ்சேன், யோசிச்சுச் சொல்லு" என்று என்னிடம் கேட்கிறார். சின்ன வயதில் யார் தோட்டத்திலோ பிளம்ஸ் பறித்ததிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லி, இதுவா, இதுவா என்று கேட்கிறார். நான் கஞ்சி ஊட்டிக்கொண்டே இல்லை, இல்லை என்று சொல்லி வருகிறேன். நேற்று, பிள்ளை இல்லை என்று ஒரு நாள் என்னை அடித்தாராம், அதுவாக இருக்குமோ என்று கேட்டு அழுதார். எனக்கு அது மறந்தே போயிருந்தது.

சுபஸ்ரீ மேல் எந்தத் தப்பும் இல்லை, அவரை விட்டுவிட வேண்டும். என் மேல் என்ன வழக்கு உண்டோ போட்டுக்கொள்ளலாம். இராமலிங்கத்திடம் நீங்கள் சொல்லுங்கள். என் கணவரிடம் மட்டும் போலீஸ் யாரும் போக வேண்டாம், மூன்று மணி பஸ்ஸில் போய் நானே சொல்லிக்கொள்கிறேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். பொட்டலம் மடித்த இடத்தில் நான் சொன்ன "தெரிந்தே" என்பதற்குப் பதிலாக "அறியாமையால்" என்று இரக்கப்பட்டு எழுதியிருந்தார்கள். அதை அடித்துவிட்டு நான் சொன்னபடி எழுதச் சொன்னேன், எழுதினார்கள். மற்றபடி எல்லாம் நான் சொன்னதுதான், நடந்ததுதான். அடித்த இடத்திலும் கீழேயும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்) க. ராஜகுமாரி