அஞ்சு என்று சொன்ன குரல்

அந்த ஐந்தாவது டீயை யாரும் தொட வேண்டாம். ஆறினால் ஆறட்டும். மழை விடும்வரை இந்த மெக்கானிக் ஷெட்டை விட்டு நகர முடியாது, கரண்டும் இப்போதைக்கு வராது. மூன்று பேரும் அந்தப் பழைய சீட்டில் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். ஓரத்தில் எதற்கு அவ்வளவு இடம்? சரி, இருக்கட்டும்...

இருப்பது நாலு பேர், ஐந்தாவது டீ யாருக்கு என்று டிங்கர் கேட்டானே. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

இது என் நண்பனுடைய மச்சானுக்கு நடந்தது. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர்.

மாலை ஆறே முக்கால். ஏரியை ஒட்டிய ஒற்றை ரோடு. ஒரு பக்கம் தண்ணீர். மறுபக்கம் இரண்டு மாடி உயரத்துக்கு மணல் மேடுகள், ஒன்றன் பின் ஒன்றாக. எதிரே ஒரு வண்டி கிடையாது. விளக்குக் கம்பம் கிடையாது. வேனுக்குள் அவர் குடும்பம், ஐந்து பேர். அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அவரிடம் ஒரு பழக்கம். வேனில் ஏறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நம்பர் கொடுத்திருப்பார். கிளம்பும்போது வரிசையாகச் சொல்ல வேண்டும். கடைசி நம்பர் காதில் விழுந்ததும் கியர் போடுவார், திரும்பிப் பார்க்க மாட்டார். "ரோட்டைக் கண்ணால பாக்கணும், பிள்ளைங்களைக் காதால பாக்கணும்" என்று பெருமையாகச் சொல்வார். பதினைந்து வருடத்தில் ஒரு பிள்ளையைக்கூட விட்டுவிட்டு வந்ததில்லை. வீட்டிலும் இதே சட்டம்தான். அவர் ஒண்ணு. மனைவி ரெண்டு. பெரியவன் மூணு, சின்னவன் நாலு. ஏழு வயதுக் குட்டி, அஞ்சு. அவளுக்குக் கடைசி சீட்டுதான் வேண்டும், அதுவும் தனியாக.

அன்று பகல் முழுக்க மணல் மேட்டில் சறுக்கி, ஏரியில் ஆடி விளையாடினார்கள். காதில் மணல், சோற்றில் மணல். ஆறு மணிக்கு மேல் திடீரென்று காற்று மாறியது. மணல் முகத்தில் ஊசியாகக் குத்துகிறது, கண் திறக்க முடியவில்லை. பாய், தார்ப்பாய், தண்ணீர் கேன் எல்லாவற்றையும் அள்ளிக் கடைசி சீட்டுக்கு முன்னால் குவித்தார்கள். கதவு சாத்தியாயிற்று.

"ஒண்ணு" என்றார்.

"ரெண்டு."

"மூணு."

"நாலு."

ஒரு சின்ன இடைவெளி... பிறகு பின்னாலிருந்து, "அஞ்சு."

கியர் போட்டார்.

போகும் வழியில் சின்னவன் குவியலுக்கு மேலாகக் கையை நீட்டித் தங்கைக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தான். இருட்டில் ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது. "அம்மா, இவ கை ஐஸ் மாதிரி இருக்கு" என்றான்.

"நாளெல்லாம் தண்ணியில ஆடினா அப்படித்தான் இருக்கும்" என்றாள் அம்மா.

நாற்பது நிமிடம் கழித்து ஒரு பெட்ரோல் பங்க். வெளிச்சம். ஸ்வெட்டர் போட்டுவிடலாம் என்று அம்மா பின்கதவைத் திறந்தாள். சீட்டில் யாரும் இல்லை. ஊறிப்போன ஒரு பிஸ்கட் மட்டும் இருந்தது. சுற்றிலும் ஏரிப் பாசியின் வாடை.

"கிளம்பும்போது கேட்டேனே, அஞ்சுன்னாளே" என்றார் அவர். எந்த அப்பாவுக்குத்தான் அந்த நேரத்தில் புத்தி வேலை செய்யும்? மறுபடியும் எண்ண ஆரம்பித்தார். ஒண்ணு. மனைவி அழுதுகொண்டே ரெண்டு. பையன்கள் மூணு, நாலு.

வெளிச்சத்தில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அந்தக் காலி சீட்டிலிருந்து... "அஞ்சு."

குட்டியின் குரலேதான்.

சிரி, பெயிண்டர். எனக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது.

மனைவியையும் பையன்களையும் பங்கிலேயே இறக்கிவிட்டார். வேறு வண்டி தேட நேரமில்லை. பெற்ற பிள்ளை ஏரிக்கரையில் இருட்டில் கிடக்கிறது. அதே வேனில் தனியாகத் திரும்பினார். தனியாக என்று சொல்வதும் தப்பு. நாற்பது நிமிடத்தில் வந்த ரோட்டை இருபது நிமிடத்தில் மிதித்துக் கடந்தார். ஒவ்வொரு வளைவிலும் பின்னாலிருந்து, யாரும் கேட்காமலே, "அஞ்சு." பிறகு கொஞ்ச நேரம் பிஸ்கட் கடிக்கும் சத்தம். அவர் பின்பக்கம் காட்டும் கண்ணாடியை மேலே திருப்பி வைத்துவிட்டார்.

மணல் மேட்டுக்கு வந்து இறங்கினார். காற்று நின்றிருந்தது. பகலில் பதிந்த ஒரு காலடிகூட இல்லை, வழித்து விட்டதுபோல் மணல். எந்தப் பக்கம் போவது? தொண்டை கிழியக் கத்தினார். "ஒண்ணு..."

முதுகுக்குப் பின்னால் வேனிலிருந்து பதில் வந்தது. "அஞ்சு."

இடது பக்கம் நடந்து கத்தினார். பதில் இடது பக்கத்திலிருந்தே வந்தது, வேன் அங்கே இல்லை. தண்ணீரை நோக்கிக் கத்தினார். தண்ணீரிலிருந்து வந்தது, ஆசையாக, "அஞ்சு, அஞ்சு" என்று. இடுப்பளவு தண்ணீர்வரை போய்விட்டார் மனிதர். அங்கேதான் நின்று யோசித்தார். பதில் சொல்வது என் பிள்ளை இல்லை, அவளிடம் போகவிடாமல் என்னை இழுக்கிற ஏதோ ஒன்று. அப்படியென்றால், எந்தப் பக்கம் பதில் வரவில்லையோ அங்கேதான் அவள் இருக்கிறாள்.

நான்கு பக்கமும் திரும்பித் திரும்பிக் கத்தினார். மூன்றாவது மேட்டின் பக்கம் மட்டும் சத்தமே இல்லை. ஓடினார். மேட்டுக்குப் பின்னால், மார்பளவு மணல் மூடிக் குட்டி உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளாலும் வாயை இறுகப் பொத்தியிருந்தாள். பொத்திய கையை எடுக்கவே அவருக்குப் பெரும்பாடு ஆகிவிட்டது.

"ஏம்மா பேசல? அப்பா கூப்பிட்டது கேக்கலையா?"

"கேட்டுச்சுப்பா. ஒரு பாப்பா விளையாட வந்தா. உன் நம்பரைத் தாயேன்னு கேட்டா, குடுத்துட்டேன். இப்ப திருப்பித் தரமாட்டேங்கிறா."

குட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டி வந்தார். அதன்பிறகு அந்த வேனில் அவர் எண்ணியதே இல்லை. பள்ளிக்கூட ஓட்டத்தையும் விட்டுவிட்டார்.

போன வாரம் வேன் நம் ஷெட்டுக்கு வந்தது. ரிப்பேர் எதுவும் இல்லை. "அந்தக் கடைசி சீட்டை மட்டும் கழட்டி எரிச்சுடுங்கண்ணே" என்றார். கழற்றினேன். பார்த்தால் நல்ல ஃபோம், கிழிசலே இல்லை. எரிக்க யாருக்கு மனசு வரும்? உட்கார ஆகும் என்று அந்தச் சுவரோரம் போட்டேன்...

எழுந்திருக்காதே டிங்கர். இன்னும் கொஞ்சம்தான்.

அன்றைக்குக் குட்டியும் கூட வந்திருந்தாள். நான் சீட்டை இழுத்துப் போடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் சட்டையைப் பிடித்து, "மாமா, இங்க எத்தனை பேர் வேலை செய்யறீங்க?" என்று கேட்டாள். நாலு பேர் என்றேன். பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது. "சத்தமா சொல்லாதீங்க மாமா" என்றாள்.

நான் அதை அப்போதே மறந்துவிட்டேன். அரை மணி நேரத்துக்கு முன்னால், நீங்கள் மூன்று பேரும் வாசலில் மழையில் நின்று தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தீர்கள். நான் இங்கே தனியாக, அந்த சீட்டில் உட்கார்ந்து டீக்கடைக்குப் போன் போட்டேன். நாலு டீ என்றேன்.

டீக்கடைக்காரர் சிரித்துக்கொண்டே கேட்டார். "நீங்க நாலுங்கிறீங்க. பக்கத்துல பாப்பா அஞ்சுங்குது. எத்தனைப்பா அனுப்பட்டும்?"