நோகேல்லை எண்டவள்

"கெலி! குப்புறப் படுங்கோ!"

எங்களோடை மீன்பிடிக்கிற அந்தோனி அண்ணை கத்துறார். நாங்கள் படுக்கேல்லை. ஓடுறம். அனலைதீவுக் கரை. விடியப்புறம். நான் முன்னுக்கு. என்ரை மனுசன்ரை தங்கச்சி றீற்றா பின்னுக்கு. மேலை ஹெலிகொப்டரிலை இருந்து தடதடவெண்டு துவக்குச் சூடு. பிறகு 'பொஃப்' எண்டு ஒரு சத்தம். மீன்வாடிக் கொட்டிலுக்குள்ளை ஒளிச்சு வைச்ச மண்ணெண்ணெய்க் கானிலை பட்டிட்டுது.

எனக்கு வலது கை எரிஞ்சுது. அவளுக்கு முதுகும் ரெண்டு காலும்.

நான் குளறினன். கை சிவந்து கொப்புளம் கொப்புளமாய்ப் பொங்கிச்சுது. காத்துப் பட்டாலே உயிர் போகும். றீற்றா மணலிலை இருக்கிறாள். முதுகு வெளிறி, வறண்டு, மெழுகு பூசினமாதிரிக் கிடக்கு. சத்தமில்லை. தண்ணி மட்டும் கேட்டாள்.

தப்பின வள்ளம் ஒண்டுதான். சின்னன். ஒராளைத்தான் கிடத்தலாம். திருக்கை மீன் முள்ளாலை குத்தினால், கூடக் குளறுறவனைத்தான் நாங்கள் முதல் கரை சேர்ப்பம். நோ கூடினால் நஞ்சும் கூட. அந்தோனி அண்ணைக்கும் அந்தக் கணக்குத்தான் தெரியும். என்னைத் தூக்க வந்தார்.

"எனக்கு நோகேல்லை அண்ணை. மச்சாளைக் கொண்டு போங்கோ" எண்டாள் றீற்றா.

நான் மாட்டன் எண்டு சொல்லேல்லை. ஏறிப் படுத்தன். எனக்கு உள்ளுக்குச் சந்தோசம். சொல்ல வெக்கமாய்க் கிடக்கு. சொல்லத்தான் வேணும்.

ஊர்காவற்றுறை ஆசுபத்திரியிலை என்னைச் சேர்த்துப்போட்டு அண்ணை திரும்பினவர். கடலிலை நேவியின்ரை பீரங்கிப் படகு நிண்டது. போக ஏலேல்லை. மூண்டாம் நாள்தான் போனவர். அதுக்குள்ளை செத்துப்போன றீற்றாவை மண்ணிலை தாட்டிட்டினம்.

பிறகு வருசக்கணக்காய் இந்தக் கையைத் தூக்கிக் காட்டித் திரிஞ்சனான். நான் பட்ட பாடு ஒருத்தரும் படேல்லை, றீற்றா நோகாமல் போய்ச் சேர்ந்தாள் எண்டு சொன்னனான். என்ன வாய் எனக்கு!

போன கிழமை கொதிகஞ்சி ஊத்துப்பட்டு அதே கை அவிஞ்சுது. ஆசுபத்திரியிலை மருந்து கட்டின நேர்ஸ் பிள்ளை விளங்கப்படுத்தினாள். தோல் சிவந்தால் முதலாம் நிலையாம். கொப்புளிச்சால் இரண்டாம் நிலை. ரெண்டும் நோகும். மூண்டாம் நிலையிலை நரம்பும் சேர்ந்து எரிஞ்சிடுமாம்.

"அதுதான் நோகாது அம்மா. அப்பிடி எரிஞ்ச ஆக்களைத்தான் முதல் கொண்டு வரவேணும்."

அந்தப் பிள்ளையின்ரை முகத்தைப் பாக்க ஏலேல்லை.

அண்டைக்கு எரிஞ்சது ஒரு வாடி. ரெண்டு வள்ளம். வலை முழுக்க. றீற்றா, வயசு இருவத்திரண்டு. என்ரை கைத்தோலைக் கணக்கிலை சேர்க்கேல்லை. அது ஒரு மாதத்திலை திரும்ப வளந்திட்டுது.