டெய்லரக்காவின் செவ்வாய்க்கிழமைகள்

ஜன்னலோர நாற்காலிக்குத்தான் எப்போதும் அடிதடி. மருந்து ஏற்றிக்கொண்டு அன்றே வீடு திரும்புகிற புற்றுநோய்ப் பிரிவு எங்களுடையது. கட்டில் கிடையாது, சாய்வு நாற்காலிகள்தான். செவ்வாய்க்கிழமை என்றால் ஜன்னலோரம் டெய்லரக்காவுக்கு. வேறு யாராவது உட்கார்ந்திருந்தால், "எனக்கு மார்லேருந்து எலும்பு வரைக்கும் போயிடுச்சு, உங்களுக்கு எதுவரைக்கும்?" என்று கேட்பார். அவர்களாகவே எழுந்துவிடுவார்கள்.

என்னைப் பார்த்ததும் அவருக்கு முதல் வேலை என் சீருடையைப் பழிப்பது.

"ஏம்மா பட்டதாரி, இதை எவன் தச்சான்? தோள்பட்டை முழங்கையில வந்து நிக்குது."

"பேசாம கையை நீட்டுங்கக்கா."

"நீட்டுறேன். அவன் தச்ச மாதிரி குத்திடாத."

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பட்டம் வாங்கியவள் நான். வீட்டில் அதற்குக் கிடைத்த மரியாதை, எல்லோருடைய விண்ணப்பத்தையும் நிரப்பிக் கொடுப்பது. அண்ணனுக்கு என் சம்பளம் தெரியும். நான் செய்கிற வேலை தெரியாது. பட்டதாரி என்று என்னை வாய் நிறையக் கூப்பிட்டவர் டெய்லரக்கா ஒருவர்தான். கேலியாகத்தான். இருக்கட்டுமே.

அக்காவிடம் ஒரு குறை. எங்களிடம் புலி, டாக்டர் முன்னால் பெட்டிப்பாம்பு. எப்படி இருக்கிறீர்கள் என்று அவர் கேட்டால், "நல்லா இருக்கேன் டாக்டர்" என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சொல்வார். உண்மையெல்லாம் என் காதில்தான் விழும். அது டாக்டருக்கும் தெரியும். அதனால் என்னைத் தனியே கேட்பார்: "அவங்க ஏதாவது சொன்னாங்களா சிஸ்டர்? இது குணமாக்குற மருந்து இல்ல, கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். போதும்னு அவங்க நினைச்சா நிறுத்திடலாம்."

மழை தொடங்கிய சமயம் அக்கா சொன்னார்: "போதும்டி. விரல் மரத்துப்போய் ஊசியில நூல் கோக்க முடியல. பொண்ணு வீட்டுக்குப் போய்ச் சும்மா படுத்துக் கிடக்கணும், பேத்தி மேல ஏறி மிதிக்கணும். டாக்டர்கிட்ட நீயே பக்குவமாச் சொல்லிடு."

சரி என்றேன். டாக்டர் கேட்டபோது, "ஒண்ணும் சொல்லல டாக்டர், தெம்பாத்தான் இருக்காங்க" என்றேன். திரும்பி வந்து அக்காவிடம், "இன்னும் ரெண்டு தடவை போட்டுப் பாக்கலாம்னு சொல்றார்" என்றேன்.

யோசித்துப் பாருங்கள். மகள் இருப்பது ரயிலில் ஒரு பகல் தூரம். அங்கே அக்கா யாருடன் வாயடிப்பார்? பேத்திக்கு இன்னும் பேச்சே வரவில்லை. சும்மா படுத்திருந்தால் நோய்தான் ஞாபகம் வரும். இங்கே ஜன்னல் இருக்கிறது. நான் இருக்கிறேன்.

அந்த இரண்டு முடிந்ததும் இன்னொரு இரண்டு. "உங்க டாக்டர் என்ன பஸ் கண்டக்டரா? ரெண்டு ரெண்டா கிழிக்கிறாரு" என்றார் அக்கா. பக்கத்து நாற்காலிகள்கூடச் சிரித்தன. இதையெல்லாம் இழக்கச் சொல்கிறீர்களா?

மகள் போன் செய்தாள். "கீழ் ரூமை ஒழிச்சு வச்சிருக்கேன் சிஸ்டர். அம்மாவைக் கூட்டிட்டு வந்துடவா?"

"இப்ப அலைக்கழிக்காதீங்க. மருந்து நல்லாக் கேக்குது" என்றேன். நன்றி சொல்லி வைத்தாள். அடக்கத்துக்குத்தான் வந்து சேர்ந்தாள். வந்தவள் டாக்டரிடம் நேரே போய், "அம்மா எப்பவோ போதும்னு போன்ல சொன்னாங்களே, நீங்க ஏன் விடல?" என்று கேட்டிருக்கிறாள். அப்படித்தான் நான் இப்போது விசாரணைக்கு உங்கள் முன் உட்கார்ந்திருக்கிறேன்.

கடைசிச் செவ்வாயன்று அக்காவை நான்தான் தூக்கி உட்காரவைத்தேன். துணி மூட்டை போல இருந்தார். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "என்னை விட்டுடுடி" என்றார். அவருக்கு எப்போதும் குறும்பு. நான் சிரித்தேன்.

மறைத்தேன், பொய் சொன்னேன், எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். கட்டிப்போட்டேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பிடிக்காத இடத்துக்கு ஒரு மனுஷி வாரம் தவறாமல் வருவாளா?